சப்பை எலும்பில் உடைந்த சன்னம்

இத்தாலியில், பொலிதேயாமாப் பக்கம் ஒரு வீட்டில் பதினொரு வருசம் சமையல் வேலை பார்த்தேன். வீட்டுக்காரர் மனைவியை இழந்தவர், வேட்டைப் பிரியர்; அவரைச் சிஞ்ஞோரே, ஐயா என்றுதான் கூப்பிடுவேன். பருவம் திறந்தால் மலைக்குப் போய்க் காட்டுப்பன்றி சுட்டுக்கொண்டு வருவார்.

துவக்கைப் பற்றி அவர் என்னோடு கதைக்கத் தொடங்கியது என்னுடைய முறைப்பாட்டால்தான். ஒருமுறை கொண்டுவந்த முன்சப்பை, தோள் இறைச்சி, முழுக்க இரத்தம் கன்றிக் கிடந்தது, உள்ளே துவக்குச் சன்னத்தின் ஈயத்துண்டுகள். "சிஞ்ஞோரே, பாதியை எறிஞ்சிட்டன்" என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. குசினி மேசையில் இருந்து பேப்பர் ஓரத்தில் ஒரு பன்றி கீறினார். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், கீழ்ப்பக்கமாக விரலை வைத்தார்.

"இஞ்சை. பக்கம் காட்டி நிக்கவேணும். சன்னம் இரண்டு சுவாசப்பையையும் கடந்து போகவேணும். முகம் காட்டி நிண்டால் சுடக்கூடாது, பொறுக்கவேணும்."

பாரம் குறைந்த சன்னம் பட்டவுடன் சிதறும், சின்ன மிருகங்களுக்குத்தான் சரி. பன்றியின் தோள்தோல் தடிப்பு. அதற்குத் தடித்த செப்பு உறை போட்ட பாரமான சன்னம் வேணும் என்று விளக்கினார். சண்டைக்கால மன்னாரில் சன்னம் பட்ட சுவர்களையும் ஆட்களையும் பார்த்து வளர்ந்தவள் நான். கறி சமைக்கிற இடத்தில் சன்னம் என்ற சொல்லைப் பயமில்லாமல் கேட்டது அதுதான் முதல்தரம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வேட்டை முடிந்தும், "எங்கை பட்டிருக்கு, சொல்லு பாப்பம்" என்பார். இறைச்சியைப் பார்த்துச் சொல்லுவேன். சரியாக இருந்தால் கைதட்டிச் சிரிப்பார். அதை நான் சினேகிதம் என்று நினைத்திருந்தேன்.

போன மாரியில் அவருக்குத் தோள்மூட்டு நொந்தது. துவக்கு உதைப்பதைத் தாங்க முடியவில்லை. "ஒருத்தருக்கும் சொல்லாதை" என்றார். சொல்லமாட்டேன் என்றேன். நான்தான் அவருடைய வேட்டைச் சட்டைக்குள் பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை அவர் பாரம் குறைந்த சன்னம் உள்ள ரவைப் பெட்டியை எடுத்துப் பைக்குள் வைத்தார்.

"பன்றிக்கு இது காணாதெண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்?"

"இது உதைக்காது" என்றார்.

ஞாயிறு மத்தியானம் அவரும் அவரோடு வேட்டைக்குப் போகிற நண்பரும் திரும்பி வந்தார்கள். நண்பரின் சட்டை முழுக்க இரத்தம். சிஞ்ஞோரே சுட்டுக் காயம்பட்ட பன்றி நாய்களுக்குள் பாய்ந்து, எட்டு வருசமாக நண்பர் வளர்த்த பெட்டை நாயின் வயிற்றைக் கிழித்துவிட்டது. பன்றியை நண்பர்தான் சுட்டு முடித்தாராம்.

"என்ன ரவை போட்டனீ?" என்று சிஞ்ஞோரேயைக் கேட்டார்.

சிஞ்ஞோரே என் பக்கம் கையைக் காட்டினார். "பெட்டியை மாத்தி வைச்சது இவள். இவளுக்கு என்ன தெரியும்?"

நான் சிங்கில் அந்தப் பன்றியின் சப்பையைக் கழுவிக்கொண்டு நின்றேன். சிஞ்ஞோரேயின் சன்னம் முன்பக்கத்தால் வந்து எலும்பில் பட்டு உடைந்திருந்தது. ஒரு துண்டுகூட நெஞ்சுக்குள் போகவில்லை.

"நீங்கள்தானே வெள்ளிக்கிழமை எடுத்து வைச்சனீங்கள்?"

அவர் சிரித்தார். "இவளுக்கு இத்தாலியன் இன்னும் பிடிபடேல்லை."

நண்பர் எழும்பி எனக்கு முன்னால் வந்து நின்றார். "என்ர நாயைச் சாகடிச்சது நீ" என்றார். குரல் உடைந்திருந்தது.

தோள்மூட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். அது நுனிநாக்கு வரை வந்தது. சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். சிஞ்ஞோரேக்கும் அது தெரியும்.

அடுத்த நாள் காலையில் சிஞ்ஞோரே ஒரு பை சியாகுல்லி மண்டரின் தோடம்பழத்தோடு குசினிக்குள் வந்தார்.

"அவன் நாப்பது வருசச் சினேகிதன். உனக்கு இதிலை என்ன நட்டம்?"

"நான் இந்த மாதத்தோடை நிக்கிறன், சிஞ்ஞோரே."

"ஒரு சொல்லுக்காகவா?"

"ஓம்" என்றேன். பைப்பைத் திறந்துவிட்டு, அவர் போகும்வரைக்கும் கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன்.

இப்போது ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்கு அருகில் ஒரு வயதான சிஞ்ஞோராவைப் பார்த்துக்கொள்கிறேன். போன கிழமை அந்த நண்பரைத் தெருவில் கண்டேன். என்னைக் கண்டதும் மற்றக் கரைக்குப் போய்விட்டார். பின்னால் போய் எல்லாவற்றையும் சொல்லுவோம் என்று இரண்டு எட்டு வைத்தேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.