நாலு மணி ஐஸும் மூன்று ஃப்ளாப்பியும்

என் மனைவி ஜஸீமாவுக்கு எதையும் மொத்தமாக வாங்கினால்தான் திருப்தி. காசிமேட்டில் மீன்காரி குப்பம்மாவிடம்கூடப் பொறுக்கி எடுக்க மாட்டாள். பெரிசும் பொடிசும் கலந்து குவித்து வைத்திருக்கும் கூறை அப்படியே பையில் கொட்டிக்கொள்வாள். கைப்பையில் ஊசி முதல் ஸ்க்ரூ டிரைவர் வரை கிடக்கும். கேட்டால், "கெடக்கட்டும், எதுக்காவது ஒதவும்" என்பாள்.

கல்மண்டபத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் அவள் ப்ரோக்ராமிங் டீச்சர். அங்கேயும் அதே கதைதான். ப்ரோக்ராம் எழுதவும் ஓட்டவும் வேண்டிய கம்பைலர், லைப்ரரிகள் எல்லாம் அடங்கிய மொத்த செட்டையும் இரண்டு சி.டி.யிலிருந்து சென்டர் மெஷினில் ஏற்றி வைத்திருந்தாள். அதில் எது எதற்கு வேண்டும் என்று அவளுக்கே தெரியாது. தெரிந்துகொள்ள அவசியமும் வரவில்லை.

அந்த அவசியம் 2002-இல் வந்தது. ஆறு வருடம் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள், முதல்முறையாகத் தானே ஒரு ப்ரோக்ராம் எழுதினாள். கோதண்டம் அண்ணனின் ஐஸ் டெப்போவுக்கு. எந்தப் படகுக்கு முதலில் ஐஸ் என்று அங்கே தினமும் அடிதடி. வரிசை எண் போட்டுச் சீட்டு அச்சடிக்கும் ப்ரோக்ராம் அது. ஒரு மாதம் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. சென்டரில் ஜம்மென்று ஓடியது. டெப்போவில் இருந்த பழைய கம்ப்யூட்டரிலோ, ஒரு லைப்ரரி ஃபைலைக் காணோம் என்று சொல்லி நின்றுவிட்டது.

"நாலு மணிக்கு போட்டுக்காரனுங்க வந்துடுவானுங்க டீச்சர். அதுக்குள்ள ஓடலன்னா பழையபடி நோட்டுலதான் எழுதணும்" என்றார் கோதண்டம்.

ஜஸீமா கைப்பையிலிருந்து சி.டி.களை எடுத்தாள். அந்தக் கிழட்டு மெஷினில் சி.டி. போட வழியே இல்லை, ஃப்ளாப்பி மட்டும்தான். மொத்த செட்டையும் ஏற்ற உள்ளே இடமும் கிடையாது. அவள் முகம் சுண்டிவிட்டது. பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

சட்டென்று திரையில் இருந்த ஃபைல் பெயரைக் கையில் எழுதிக்கொண்டாள். "வண்டிய எடுங்க. இந்த ஒண்ண மட்டும் எடுத்துகினு வரலாம்."

ஸ்கூட்டரில் கல்மண்டபம் போய், அந்த ஃபைலை ஃப்ளாப்பியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். மெஷின் இன்னொரு பெயரைச் சொன்னது. மறுபடி போனோம். வந்தால் மூன்றாவதாக ஒன்று.

"இன்னா பேஜாரு இது! மொத்தமா ஒரே தபா கேட்டா ஆவாதா?" என்று கத்தினேன்.

"கத்தாதீங்க. இப்பதான் இன்னா வேணும்னு எனக்கே தெரியுது."

நாலடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது மூன்றாவது ஃப்ளாப்பி உள்ளே போனது. பிரின்டர் கரகரவென்று ஒன்றாம் எண் சீட்டைத் தள்ளியது. கோதண்டம் நோட்டை மூடி அலமாரிமேல் போட்டார். அதற்குள் வந்து கூடிவிட்ட அத்தனை படகுக்காரர்கள் முன்னால் ஜஸீமா அழுதுவிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

திரும்பும் வழியில் குப்பம்மா கூப்பிட்டாள். "இன்னா கண்ணு, கூறு போடவா?"

"இனிமே டீச்சர் வேணுங்கறத மட்டும்தான் எடுப்பாங்க. ரெண்டே ரெண்டு சங்கரா குடு" என்றேன்.

ஜஸீமா என்னை முறைத்தாள். "அந்த மெஷின்ல எடம் இல்ல, பொறுக்கினேன். என் வூட்ல எடத்துக்கு இன்னா கொற?"

கூறை அப்படியே பையில் கொட்டிக்கொண்டாள்.