ஆறாம் நம்பர் ஜன்னலும் கோல்கீப்பரின் கையுறையும்

பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் ஆறாம் நம்பர் ஜன்னலுக்குப் பின்னால் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கும் அவளை ஆபீசில் எல்லோரும் 'மேடம்' என்பார்கள். ஸ்டேடியத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் ஒருத்தருக்கும் தெரியாது. டிக்கெட் கிழிப்பவரோ பார்க்கிங் காவலாளியோ, யாரைக் கேட்டாலும் 'கையெழுத்தம்மா' என்று சொன்னால்தான் விரல் நீட்டி ஆளைக் காட்டுவார்கள்.

விளையாட்டு வீரர்களிடம் கையெழுத்து வாங்குகிறவர்கள் எங்கும் உண்டு. நோட்டை நீட்டுவார்கள், தொப்பியை நீட்டுவார்கள், மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டியவனும் உண்டு. அவள் அந்த ரகம் இல்லை. ஆட்டத்தில் புழங்கிய பொருளாக இருக்க வேண்டும். அதைப் புழங்கிய ஆளே, அவள் கண்ணெதிரில், அதன்மேல் கையெழுத்துப் போட வேண்டும். கடையில் வாங்கிய புதுப் பந்தில் கையெழுத்து வாங்குகிறவர்களைக் கண்டால் அவளுக்குச் சிரிப்பு வரும். "வெத்துப் பேப்பர்ல கையெழுத்து வாங்குறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?" என்பாள்.

எல்லாம் ஆரம்பித்தது வீட்டுக்காரரால்தான். அவர் தண்ணீர் மோட்டார் மெக்கானிக். எட்டு வருஷத்துக்கு முன் ஸ்டேடியத்து மோட்டாரைச் சரி செய்யப் போனவருக்கு ஹாக்கி ஆட்டத்துக்கு இரண்டு ஓசி டிக்கெட் கிடைத்தது. ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிஷத்தில் அவர் தூங்கிவிட்டார். அவள் தூங்கவில்லை. ஒரு மட்டை இரண்டாக உடைந்து, அடிப்பாதி பறந்து வந்து அவள் காலடியில் விழுந்தது. ஆட்டம் முடிந்ததும் திருப்பிக் கொடுக்கப் போனாள். மட்டைக்காரன் சிரித்துக்கொண்டே, "நீங்களே வெச்சுக்கங்க அக்கா" என்று அதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். அன்று பிடித்த பைத்தியம்.

பிறகு அதற்கென்று ஒரு தொழில் நுணுக்கமே அவளிடம் சேர்ந்துவிட்டது. பெரிய கேட்டில் நிற்கக் கூடாது, டீம் பஸ் நிற்கும் பின்வாசலில் நிற்க வேண்டும். தோற்றவர்களிடம் கேட்டால் கடிப்பார்கள். ஜெயித்தவர்களிடம் நெருங்கவே முடியாது. ஆகவே அவளுக்குப் பிடித்தது டிரா ஆகும் ஆட்டம். இரண்டு பக்கமும் கோல் விழாமல் ஊரே கொட்டாவி விடும்போது அவள் மட்டும் கைதட்டுவாள். பையில் மூன்று வகைப் பேனா இருக்கும்: தோலுக்கு ஒன்று, துணிக்கு ஒன்று, கறுப்புப் பொருளுக்கு வெள்ளி மை. துணி சுருங்காமல் இருக்க, கிளிப் வைத்த பரீட்சை அட்டையும் உண்டு. வீட்டுக்கு வந்ததும் ஒரு தடிமனான ரிஜிஸ்டரில் வரிசை எண், பொருள், ஆட்டத் தேதி, யார் முன்னிலையில் என்று பதிவாகிவிடும். 'முன்னிலை'க்குக் கீழே வீட்டுக்காரர்தான் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"ஏம்மா, வாலிபால்காரன் முட்டியில மாட்டினதை எதுக்கு நடு ஹால்ல வெச்சிருக்கே? வர்றவங்க மூக்கைப் பொத்துறாங்க."

"துவைச்சா அது வெறும் துணிங்க. துவைக்காததாலதான் அது பொருள்."

அவர் எழுந்து போவார். ஜன்னலைத் திறந்து வைப்பார்.

இப்படி நாற்பத்தாறு பொருள் சேர்ந்த பிறகுதான் கையுறை வந்தது.

உள்ளூர் கால்பந்து டீமின் கோல்கீப்பரைப் 'பூட்டு' என்றால்தான் தெரியும். பந்து உள்ளே போகாது, அதனால் அந்தப் பெயர். பனியன் முதுகில்கூட அதுதான் அச்சடித்திருக்கும். அப்பா அம்மா வைத்த பெயர் என்னவென்று ரசிகர்களுக்குத் தெரியாது, தேவையும் இல்லை. ஒரு ஆட்டத்தின் கடைசி நிமிஷத்தில் பெனால்ட்டியைப் பாய்ந்து தடுத்த பூட்டு, சந்தோஷத்தில் இடது கையுறையைக் கழற்றிக் கூட்டத்துக்குள் வீசினார். அது நேராக வந்து, தூங்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரரின் முகத்தில் 'சப்'பென்று அறைந்தது. அவர் அலறி எழுந்தபோது பக்கத்து வரிசைக்காரர்கள் நாலு பேர் அவர்மேல் விழுந்தார்கள். அவள் கையுறையைத்தான் முதலில் காப்பாற்றினாள்.

இனிக் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அதுவும் சிரமமில்லை என்றுதான் நினைத்தாள். பூட்டு யாரையும் மறுக்காத ஆள். குழந்தைகளுக்குப் போடுவார், காவலாளிக்குப் போடுவார், வழி கேட்க வந்தவருக்கும் போட்டுக் கொடுத்து அனுப்புவார்.

பஸ் வாசலில் அவள் முறை வந்தது. பரீட்சை அட்டையோடு கையுறையை நீட்டினாள். பூட்டு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். பேனாவை மூடினார். பஸ்ஸில் ஏறிக் கண்ணாடியையும் இழுத்துவிட்டுக்கொண்டார்.

அசதியாக இருக்கும் என்று நினைத்தாள். அடுத்த ஆட்டத்திலும் அதே கதை. அதற்கடுத்த ஆட்டத்தில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு போனாள். அவள் பக்கம் வந்ததும் பூட்டு, "கண்ணாடி நல்லா இருக்கு மேடம்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார்.

நாலாம் தடவை வீட்டுக்காரரை அனுப்பிவிட்டு அவள் தூணுக்குப் பின்னால் நின்றாள். பூட்டு கையுறையை வாங்கி, பேனா மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தும்விட்டார். அந்த நேரம் பார்த்து அவளுக்குத் தும்மல் வந்தது.

பூட்டு தூணைப் பார்த்தார். வீட்டுக்காரரைப் பார்த்தார். "நீங்க அந்த மேடத்தோட ஆளா?"

"ஆமாங்க. இருபத்திரண்டு வருஷமா."

"பாவம் சார் நீங்க" என்று தோளில் தட்டிவிட்டுக் கையுறையைத் திருப்பிக் கொடுத்தார்.

அன்று வீட்டில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. "நான் அந்த மனுஷனுக்கு என்னங்க பண்ணினேன்? ஊர்ல எல்லாருக்கும் போடுறாரு, என்னைப் பாத்தா மட்டும் பேயைப் பாத்த மாதிரி ஓடுறாரு!"

"எனக்கென்னம்மா தெரியும்? நேர்லயே கேட்டுடேன்."

கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் பர்மிஷன் போட்டுவிட்டு டீம் பயிற்சி செய்யும் மைதானத்துக்குப் போனாள். பஸ்ஸில் ஏறி ஓடிவிடலாம். பயிற்சி நடக்கும்போது கோல்கீப்பர் கோல் வாசலை விட்டு எங்கே ஓடுவார்? வலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"சார், ஒரு நிமிஷம்."

திரும்பிப் பார்த்த பூட்டு திடுக்கிட்டார். "மேடம், பயிற்சி நடக்குது."

"நடக்கட்டும். நீங்க பந்தைப் பாருங்க, வாயால மட்டும் பதில் சொல்லுங்க. எல்லாருக்கும் கையெழுத்துப் போடுறீங்க, எனக்கு மட்டும் ஏன் சார் மாட்டேங்கிறீங்க?"

பந்து ஒன்று அவர் காதோரம் பறந்து வலைக்குள் விழுந்தது.

"நிஜமாவே உங்களுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சா ஏன் இவ்வளவு தூரம் வர்றேன்?"

பூட்டு தொப்பியைக் கழற்றினார். கம்பத்தோரம் கிடந்த பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "இப்ப?"

அவள் உற்றுப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.

"எப்படித் தெரியும்? நீங்கதான் தலையையே தூக்கலையே! ஆறாம் நம்பர் ஜன்னல், மேடம். நாலு தடவை வந்தேன்."

இரண்டாவது பந்தும் உள்ளே போனது.

"என் பொண்ணோட பிறப்புச் சான்றிதழ்ல அம்மா பேர் இருக்கிற எடத்துல என் பேர் இருக்கு. அப்பா பேர் இருக்கிற எடத்துல என் பொண்டாட்டி பேர். அரசாங்கக் கணக்குப்படி நான்தான் பெத்தவ! ஸ்கூல்ல சேத்துக்க மாட்டேங்கிறாங்க. வீட்டுல பொண்டாட்டி, 'பிரசவம் ரொம்ப வலிச்சுதா?'ன்னு கேட்டுக் கேட்டுச் சிரிக்கிறா. திருத்தம் கேட்டு வந்தா, முதல் தடவை ஃபாரம் தப்புன்னீங்க. ரெண்டாம் தடவை ஜெராக்ஸ் சரியில்லைன்னீங்க. மூணாம் தடவை சாப்பாட்டு நேரம்னு பலகையைக் கவுத்துட்டீங்க. நாலாம் தடவை..." என்று நிறுத்தி, இடது கையுறையைக் கழற்றி விரல்களைக் காட்டினார். மூன்று விரல் மூன்று திசையில் போயிருந்தன. "இடது கைக்காரன் நான். இதுங்க உடைஞ்சு உடைஞ்சு ஒட்டினது. கையெழுத்து ஒரு நாளைக்கு ஒரு மாதிரி வரும். 'முந்தைய கையொப்பத்துடன் ஒத்துப்போகவில்லை'ன்னு எழுதி, சீல் வெச்சு என் மனுவைத் திருப்பினீங்க. என் கையெழுத்து செல்லாதுன்னு எழுதிக் கொடுத்ததே நீங்கதான். செல்லாத கையெழுத்து உங்களுக்கு எதுக்கு மேடம்?"

மூன்றாவது பந்து வலையைக் கிழிக்கிற மாதிரி வந்து விழுந்தது. தூரத்திலிருந்து கோச் விசில் ஊதினார். "யாருய்யா அந்தம்மா? எதிர் டீம் அனுப்பின ஆளா?"

பத்தொன்பது வருஷமாக ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நீட்டப்பட்ட கைகள்தான் அவளுக்குத் தெரியும், முகம் தெரியாது. எட்டு வருஷமாக எத்தனை பேர் முன்னால் கைநீட்டி நின்றிருப்பாள்! ஒருத்தன் முகத்தைத் திருப்பினாலும் ராத்திரி முழுக்கப் புலம்புவாள். காது மடல் சூடாக, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் ஆபீசில் மற்றவர்கள் வருவதற்கு முன்பே போய், தான் சீல் வைத்துத் திருப்பிய மனுக்களின் பட்டியலை வைத்து அவர் ஃபைலைத் தேடினாள். ஐந்து வருஷத்துக்கு முந்தைய கட்டு. பெயர்களை மாற்றி அடித்தவர் எப்போதோ ரிடையர் ஆகிவிட்டார். ஆனால் அடியில் 'சரிபார்க்கப்பட்டது' என்று ஒரு வரி, அதன்கீழ் ஒரு கையெழுத்து. அவளுடையதுதான். படிக்காமல் போட்டிருக்கிறாள்.

விண்ணப்பத்தில் இருந்த நம்பருக்குப் போன் செய்து, "சார், நாளைக்கு வாங்க. வரிசையில நிக்க வேண்டாம்" என்றாள்.

விஷயம் பியூனுக்குத் தெரிந்துவிட்டது. காதருகில் வந்து, "மேடம், நல்ல சான்ஸ். சான்றிதழை ஒரு கையில பிடிங்க, கையுறையை இன்னொரு கையில நீட்டுங்க. போடாம எங்க போவாரு?" என்றார்.

"அதுக்குப் பேரு லஞ்சம்" என்று எரிந்து விழுந்தாள். கையுறை பையில் இருந்தால் கை துறுதுறுக்கும் என்று, அதை வீட்டிலேயே பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு வந்திருந்தாள்.

பூட்டு வந்தார். முதல் தடவையாக அவருக்கு ஜன்னலுக்கு உள்ளே நாற்காலி கிடைத்தது. அவள் முன்னிலையில் மூன்று தடவை கையெழுத்துப் போட்டார். மூன்றும் மூன்று ஆள் போட்டது மாதிரி இருந்தன. இரண்டாவது கையெழுத்து கொஞ்சம் கோழிக்குஞ்சு மாதிரிகூட இருந்தது. அவள் விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். அதிகாரிக்கு ஆளை நேரில் தெரிந்தால் அப்படியே எழுதிக்கொடுக்கலாம் என்று ஒரு உட்பிரிவு இருந்தது. மனுவின் ஓரத்தில், 'விண்ணப்பதாரரை நான் நேரில் அறிவேன். இவர் கையெழுத்திடுவதைப் பலமுறை கண்ணால் பார்த்துள்ளேன்' என்று எழுதினாள். அதில் ஒரு பொய்யும் இல்லை. பஸ் வாசலில் மற்றவர்களுக்கு அவர் போட்டதை எத்தனை தடவை ஏக்கத்தோடு பார்த்திருக்கிறாள்!

அரை மணி நேரத்தில் சான்றிதழ் கைக்கு வந்தது. பூட்டு அதைப் படித்தார். அப்பா இருக்க வேண்டிய இடத்தில் தன் பெயரைப் பார்த்ததும் விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"மன்னிச்சிருங்க சார்" என்றாள். "தப்பு என்னோடது."

அவர் கிளம்பாமல் நின்றார். எதையோ எதிர்பார்க்கிற மாதிரி அவள் பையைப் பார்த்தார். அவள் வாயே திறக்கவில்லை. போய்விட்டார்.

அதன்பின் மூன்று ஆட்டம் அவள் ஸ்டேடியம் பக்கமே போகவில்லை. வேலை செய்து கொடுத்துவிட்டுப் போய்க் கையுறையை நீட்டினால் கூலி கேட்பது மாதிரி ஆகிவிடும். நாலாவது ஆட்டத்துக்கு வீட்டுக்காரர்தான் ஸ்கூட்டரைக் கிளப்பினார். "வாம்மா. வீட்டுல நீ சும்மா உக்காந்திருந்தா எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது."

ஆட்டம் டிரா. அவள் கூட்டத்துக்குக் கடைசியில் வெறுங்கையோடு நின்றாள். பஸ் படியிலிருந்து பூட்டு கத்தினார்: "மேடம்! கையுறை எங்க?"

"வீட்டுல இருக்கு சார்!"

"பஸ் கிளம்ப இருபது நிமிஷம் இருக்கு!"

அவள் பீரோ சாவியைக் கொடுப்பதற்குள் வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் பறந்தார். பதினெட்டாவது நிமிஷம் வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்து, மூடிய பையை அப்படியே பூட்டின் கையில் கொடுத்தார். உள்ளே இருந்தது வாலிபால்காரனின் முட்டிப் பட்டை. பீரோ பூட்டியிருந்ததாம், இரண்டுமே ஒரே வாடை என்பதால் எதையாவது கொண்டு வந்தால் போதும் என்று நினைத்தாராம்.

பூட்டு சிரித்த சிரிப்பில் டிரைவர் ஹாரன் அடித்ததே யாருக்கும் கேட்கவில்லை. "இதுல போட்டுடட்டுமா?"

"கூடாது சார். அது நீங்க போட்டு விளையாடினது இல்லை" என்றாள் அவள், கண்டிப்பாக.

"அப்ப ஞாயித்துக்கிழமை நானே வர்றேன். அட்ரஸ் சொல்லுங்க."

சொன்னபடியே மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். மகள் நேராகப் போய் உடைந்த ஹாக்கி மட்டையை எடுத்து ஊன்றி நின்றாள். சாப்பாட்டு மேஜையில் பேப்பர் விரித்து, கையெழுத்தம்மா கையுறையை அட்டையில் கிளிப் போட்டுப் பிடித்தாள். உள்ளங்கைப் பக்கம் ரப்பர், மை பரவும், புறங்கைப் பக்கம் போடுங்கள் என்றாள். பூட்டு நாக்கைத் துருத்திக்கொண்டு, அவசரப்படாமல் போட்டார். தேதியும் போடச் சொன்னாள், போட்டார். ரிஜிஸ்டரில் வரிசை எண் நாற்பத்தேழு ஏறியது. சாட்சிக்கு வீட்டுக்காரரைக் கூப்பிட்டால் ஆளைக் காணோம்.

அவர் பால்கனியில் பூட்டின் மனைவியோடு நின்றுகொண்டிருந்தார்.

"உங்க வீட்டுல எத்தனை ஜோடி கையுறை?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"பதினாலு. எல்லாம் கட்டிலுக்கடியில. தொடக்கூட விடமாட்டாரு. தொட்டா ராசி போயிடுமாம்."

"வாடை போக எலுமிச்சம்பழத்தை வெட்டி வெச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேன். பழந்தான் கெட்டுப்போச்சு."

"கரித்துண்டு?"

"அது இன்னும் பாக்கலையே, எங்க கிடைக்கும்?" என்று அந்தப் பெண் ஆவலோடு கேட்க, வீட்டுக்காரர் பையிலிருந்த பேனாவை எடுத்துக் கடை விலாசத்தை எழுத ஆரம்பித்தார். உள்ளேயிருந்து அவள் இரண்டு தடவை கூப்பிட்டது அவர் காதில் விழவே இல்லை.