தேக்சாவோடு மலையேறியவர்கள்

மலை ஏறப் போகிறவர்கள் கையில் என்ன எடுத்துப் போவார்கள்? கொஞ்சம் தண்ணீர், நாலு பழம், மிஞ்சிப்போனால் ஒரு பொட்டலம் புளியோதரை.

எங்கள் ராயபுரத்துக்காரர்கள் ஒரு தேக்சா பிரியாணியை, அந்தப் பெரிய அண்டாவோடு எடுத்துப் போனார்கள். போன ஞாயிற்றுக்கிழமை நடந்த கூத்து இது.

எங்கள் தெருக் கிடங்கில் மூட்டை தூக்கும் லோடுமேன்கள் லாரி பிடித்து, கும்மிடிப்பூண்டி தாண்டி ஒரு மலைக்குக் கிளம்பினார்கள். ஆபீஸில் நாற்காலி தேய்க்கிற என்னையும் தோஸ்து என்ற உரிமையில் ஏற்றிக்கொண்டார்கள். அடிவாரத்திலேயே சாப்பிட்டுவிட்டு வெறுங்கையோடு ஏறலாமே என்று யோசனை சொன்னேன். ஒரு பயல் காதில் வாங்கவில்லை. தேக்சாவைக் கயிற்றால் கட்டி, மூங்கில் கழியில் தொங்கவிட்டு, நாலு பேர் தோள் கொடுத்துவிட்டார்கள். சுமந்தே பழகியவர்களுக்குச் சும்மா நடக்கத் தெரியாது போலிருக்கிறது!

பிரியாணி காசிம் பாய் வீட்டில் ஆக்கியது. பாய்தான் இந்தக் கூட்டத்துக்குப் பாட்டுக்காரர். பாரம் தூக்கும்போது முன்னால் நின்று அவர் குரல் கொடுப்பார், மற்றவர்கள் ‘ஐலசா’ போடுவார்கள். அவர் ‘தூக்கு’ என்றால்தான் பாரம் நகரும்; ‘எறக்கு’ என்றால்தான் தரையைத் தொடும். அப்படி ஒரு கட்டுப்பாடு.

ஆனால் போன வருஷம் மாடிப்படியில் வழுக்கி விழுந்ததிலிருந்து பாய்க்கு முட்டி மடங்குவதில்லை. ‘நொண்டிக்கு இன்னா வேலை அங்கே’ என்று வீட்டோடு முடங்கிவிட்டார். எத்தனையோ தடவை கூப்பிட்டும் கிடங்குப் பக்கம் வரவில்லை. மலைக்கு அவரை வரவழைக்கவே பெரும்பாடு.

பாதி மலையில் அவர் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளிறியிருந்தது.

“நீங்க போங்கப்பா. நான் இங்கியே குந்திகினு கீறேன்.”

“முதுகுல ஏறிக்க பாய், தூக்கிகினு போறேன்” என்றார் லோடுமேன்களின் தலைவர் முனுசாமி மேஸ்திரி, தோளில் கழியோடு.

“நான் இன்னா மூட்டையா? போய்க்கினே இரு நைனா.”

மேஸ்திரி போகவில்லை. மற்ற மூன்று பேரும் நகரவில்லை. தேக்சா அந்தரத்தில் தொங்கியது.

“இன்னாடா நிக்கிறீங்க?”

“பாட்டுக்காரன் நீ குந்தியிருக்கியே. நீ எறக்குன்னா எறக்கறோம். தூக்குன்னா போறோம். ஒண்ணியும் சொல்லலைன்னா நின்னுகினுதான் இருப்போம்.”

வெயில் சுட்டது. நாலு பேர் கழுத்திலும் வியர்வை வழிந்தது. பாய் அவர்களைப் பார்த்தார், தேக்சாவைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார். ‘எறக்கு’ என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. சொல்லிவிடுவாரோ... சொல்லிவிட்டால் இந்த மனிதர் இனி எப்போதுமே எழுந்திருக்க மாட்டாரே என்று எனக்குப் பதறியது.

பாய் கைத்தடியை ஊன்றினார். எழுந்தார். தேக்சாவுக்கு முன்னால் போய் நின்றார்.

“தூக்குடா தோளு...”

“ஐலசா!”

“பாத்து வையி காலு...”

“ஐலசா!”

அப்புறம் என்ன? ஒவ்வொரு அடிக்கும் ஒரு வரி. மடங்காத காலை அரைவட்டம் போட்டுத் தூக்கி வைத்து, அந்த மனிதர் உச்சி வரை பாடியே போய்விட்டார். மூச்சு வாங்கி நின்றது ஒரே ஆள்தான். அவர் பெயரைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உச்சியில் நல்ல காற்று. கீழே பச்சை வயல், அதற்கப்பால் பழவேற்காட்டு ஏரி, அதற்கும் அப்பால் நம்முடைய கடல். பாய் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு நிதானமாக, “எறக்கு” என்றார். அப்போதுதான் தேக்சா தரையைத் தொட்டது. அந்தப் பிரியாணியின் ருசியை இங்கே எழுதினால் நீங்கள் என்னை மன்னிக்க மாட்டீர்கள்.

திரும்பும்போது லாரியில் மேஸ்திரியிடம் மெதுவாகக் கேட்டேன்: “பாதியிலேயே எறக்குன்னு சொல்லியிருந்தா?”

“எறக்கி வச்சிட்டு நாங்களும் அங்கியே குந்தியிருப்போம். அவன வுட்டுட்டு மேல போயி இன்னாத்த பாக்கறது?”

திங்கட்கிழமை காலை ஆபீஸுக்குப் போகிற வழியில், கிடங்குத் தெருமுனையிலேயே பாயின் குரல் கேட்டது. பின்னாலேயே ஐலசா.

வடக்கு மெட்ராஸ் என்றால் மூக்கைச் சுளிக்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. இனிமேல் அவர்களோடு வாதம் செய்வதாக இல்லை — ஒரு திங்கட்கிழமை காலை அந்தத் தெருமுனையில் கொண்டுபோய் நிறுத்திவிடுவேன்.