அத்தை போட்ட சிவப்பு

சாந்தோமில் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே அத்தையின் அச்சு வேலை நடக்கும். அப்பாவின் தங்கை அவர். மாமா இறந்தபின் வெள்ளைச் சேலையோடு எங்களிடம் வந்து, மாமாவின் மர அச்சுக்கட்டைகளைக் கொண்டு வாழ்த்து அட்டைகளில் பூ அச்சடித்துப் பிழைத்தார். ஒரு நிறத்துக்கு ஒரு கட்டை. முதலில் மஞ்சள், அது காய்ந்ததும் பச்சை, கடைசியில் சிவப்பு. சிவப்பு விழும்வரை ரோஜா வெறும் மஞ்சள் திட்டுதான்.

உலக யுத்தம் முடிந்த சமயம் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அழைப்பு அட்டைக்கு அத்தை மஞ்சளும் பச்சையும் போட்டு முடித்த நாளில் மாப்பிள்ளையின் அம்மா வந்தார். கொடியில் காய்ந்த அட்டைகளைப் பார்த்தவர், "மத்த கலரெல்லாம் இருக்கட்டும். செவப்பு மட்டும் இவங்க கையால வேணாம். சுமங்கலி யாராச்சும் போடட்டும்," என்றார்.

அப்பா சேசுவின் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அத்தை சிவப்புக் கட்டையை அம்மாவிடம் நீட்டினார். "இந்தாங்க அண்ணி. கோணலா வுழுந்தா என்னைக் கேக்காதீங்க."

அம்மா அதற்குமுன் அச்சுக்கட்டையைத் தொட்டதே இல்லை. இதழ் ஓரிடம், சிவப்பு ஓரிடம் என்று விழுந்தது. அந்த அட்டைகள்தான் ஊருக்கெல்லாம் போயின.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, அத்தை தன் புது வெள்ளைச் சேலையை மேஜைமேல் விரித்தார். கட்டையில் மை தடவி, முந்தானையில் அழுத்தினார். ஓரம் முழுக்கச் சிவப்பு ரோஜா.

அம்மா ஓடி வந்தார். "ஐயோ! இன்னாம்மா இது? ஊரு இன்னா சொல்லும்?"

"கார்டுலதானே என் கை படக்கூடாது? சேலை என்னுது அண்ணி."

எனக்கு ஏழு வயது. அத்தை கைதவறி மையைக் கொட்டிவிட்டார் என்றே நினைத்தேன். "அழாதீங்க அத்தை, சோப்பு போட்டாப் போயிடும்," என்றேன்.

"அழல்லடி. இது அச்சு மை, போவாது."

கல்யாணப் பூசையன்று மாதா கோவிலில் முதல் பெஞ்சில், எல்லோர் கண்ணிலும் படும்படி அந்த முந்தானையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மாப்பிள்ளையின் அம்மா இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். அத்தை உரத்த குரலில் பாட்டுப் பாடினார்.

நானோ பூசை முழுக்க முழங்காலில் நின்று, நல்ல சேலை பாழாயிற்றே, அந்தக் கறையை எப்படியாவது போக்கிவிடு தாயே என்று மாதாவிடம் மன்றாடினேன்.

மாதா கேட்கவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் இப்போது நன்றி சொல்கிறேன்.