கமோடும் களிமண் பாதமும்

போதகர் வீட்டுக் கமோடு உடைந்தபோது, உடைத்தது யார் என்று குழாய்க்காரருக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. போல்ட்டின் தலையில் ஸ்பானர் வழுக்கிய புதுக் கீறல். அவர் மாட்டிப் பத்து நாள்கூட ஆகவில்லையே என்று விசாரிக்க வந்த சபைப் பெரியவர்களிடம் அவர் சொன்னது வேறு.

"சரக்கு மட்டம். நான்தான் கடையில தட்டிப் பார்க்காம வாங்கிட்டேன்."

உடைந்த துண்டுகளைச் சாக்கில் அள்ளிக்கொண்டு போய்விட்டார். ஸ்பானரைத் தலையணைக்கடியில் ஒளித்துவிட்டு வந்து நின்ற போதகருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

குழாய்க்காரர் குள்ளமான ஆள். ஆராதனையில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து தூங்குவார். ஆமென் சொல்லும் இடம் மட்டும் தப்பாது. மூன்று மாதமாகப் போதகர், வேதத்தில் வரும் ஒரு ராஜா கனவில் கண்ட சிலையைப் பற்றியே பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். பொன் தலை, வெள்ளி மார்பு, வெண்கல வயிறு, இரும்புக் கால் என்று மேலிருந்து இறங்கி, எந்த விரல் எந்த நாடு என்று படம் போட்டுக் காட்டினார். குழாய்க்காரர் இரும்புக் கால் வரைக்கும் தூங்கினார். இரும்பும் களிமண்ணும் கலந்த பாதம் வந்ததும் விழித்துக்கொண்டார்.

இதற்கிடையில் போதகரின் மகன், கட்டினால் குழாய்க்காரர் மகளைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். போதகர் முடியாது என்றுவிட்டார். அந்தப் பெண் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் குழாய்க்காரர் புதுக் கமோடு மாட்ட வந்தார். போதகர் டார்ச் பிடித்தார். பேச்சை அவரே தொடங்கினார்.

"தப்பா நினைக்காதீங்க. எங்களுது மூணு தலைமுறை ஊழியக் குடும்பம். இரும்பும் களிமண்ணும் ஒட்டாதுன்னு வேதத்துலயே இருக்கு."

"சரிங்கய்யா. இதுல யாரு இரும்பு?"

போதகர் டார்ச்சை வேறு பக்கம் திருப்பினார்.

"இங்க டார்ச் அடிங்கய்யா, தெரியலை. முப்பது வருஷமா நான் இரும்பையும் களிமண்ணையும்தான் சேர்த்துக்கிட்டிருக்கேன். இந்தப் பீங்கானும் சுட்ட மண்ணுதானே. ஒட்டாதுதான். எதுக்கு ஒட்டணும்? நடுவுல ஒரு ரப்பர் வாஷர் போட்டு, கையால முறுக்கி விட்டா போதும். அந்த ராஜாவே வந்து உட்காரலாம். இரும்பு தன் பலத்தைக் காட்டுனா மட்டும்தான் மண்ணு உடையும். உடைஞ்சப்புறம் இரும்பு மட்டும் நின்னு என்ன செய்ய? அதுமேலயா உட்கார முடியும்?"

"தீர்க்கதரிசனத்தைக் கக்கூஸ்ல வச்சா பேசுறது?"

"பிரசங்கத்துல நீங்க கடைசி வரைக்கும் போகலைங்கய்யா. அந்தக் கனவுல கடைசியா ஒரு கல்லு வந்து சிலையோட கால்ல பட்டுச்சு. பொன் தலையும் சேர்ந்துதான் பதராப் பறந்துச்சு. கர்த்தரோட ராஜ்யம் ஒண்ணுதான் நிக்கும். நீங்களும் பதரு, நானும் பதரு. பதருக்குள்ள என்ன சம்பந்தி தராதரம்?"

வெளியிலிருந்து போதகரின் மனைவி குரல் கொடுத்தாள். "ஏங்க, தலையணைக்கடியில இருக்கிற ஸ்பானரை அவர்கிட்ட குடுத்துடுங்க. எனக்குக் கழுத்து வலிக்குது."

போதகரின் காது சிவந்துவிட்டது. "உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

"கீறலைப் பார்த்தேன்."

"ஏன் அவங்ககிட்ட சொல்லலை?"

"கொஞ்சம் ஆடுதுன்னுதானே பயந்து முறுக்குனீங்க. அதைச் சொல்லி உங்களையும் ஆட்டணுமாக்கும்."

போதகர் அந்த ரப்பர் வாஷரை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அடுத்த ஞாயிறு விரல்களை விட்டுவிட்டுக் கல்லைப் பற்றிப் பேசினார். குழாய்க்காரர் தூங்கவில்லை. இரண்டு மாதத்தில் கல்யாணம் நடந்தது. போதகரே நடத்தி வைத்தார்.

பிறகு போதகருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. சாமான் ஏற்றிய லாரி கிளம்பும்போது குழாய்க்காரர் வந்து சேர்ந்தார். அதன்பின் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை; அடுத்த மழைக்காலத்தில் குழாய்க்காரர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அன்று லாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு அவர் கையை நீட்டினார்.

"புது வீட்டுல எது ஆடினாலும் ஆடட்டும் சம்பந்தி. அந்த ஸ்பானரை இங்கயே குடுத்துட்டுப் போங்க."