பாதி விலைப் புதன்கிழமை

என் வீட்டுக்காரரின் அக்கா எழுதிய தபால் கார்டு ஒன்றை என் ஜெபப் புத்தகத்துக்குள் இன்னும் வைத்திருக்கிறேன். நெருக்கி நெருக்கி எழுதியும் இடம் போதாமல், எழுத்து விலாசத்துக்குப் பக்கத்தில் ஏறிப் போயிருக்கும். எனக்கு ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. என்றாலும் இவ்வளவு அழகாகக் கணக்குப் போட்ட கடிதத்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

அவர்களை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். சிறு வயதிலேயே கணவரைப் பறிகொடுத்தவர்கள். செங்கல்பட்டுக்கு அப்பால் கன்னியர் நடத்திய பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தார்கள். ஒரே மகள். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. அந்த வருஷம் மாசி மாதத்தில், ஒரு சனிக்கிழமையன்று, அவள் கன்னியர் மடத்தில் போய்ச் சேருவதாக முடிவாகியிருந்தது.

அவள் எதையும் வாயைத் திறந்து கேட்காத பெண். கிறிஸ்மஸுக்குக்கூட இன்ன நிறத்தில் பாவாடை வேண்டும் என்று சொன்னதில்லை. ஆனால் பட்டணத்தில் பொருட்காட்சி நடக்கிறது என்று அவர்கள் ஊர்ச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸ் கிழிந்து விழுந்தபோது, அதிலிருந்த பெரிய ராட்டினத்தின் படத்தை மட்டும் கத்தரித்து ஜெபப் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்துக்கொண்டிருக்கிறாள். அண்ணி அதைப் பார்த்துவிட்டார்கள். கார்டு எழுத உட்கார்ந்துவிட்டார்கள். ‘மடத்துக்குள் போனபின் ராட்டினம் ஏது? போகுமுன் ஒரு தரம் ஏற்றிவிட வேண்டும்’ என்பது முதல் வரி.

மற்றதெல்லாம் செலவைச் சுருக்கும் வழிகள். எழும்பூர் வரை டிக்கெட் எடுக்காமல் மாம்பலத்தில் இறங்கி நடந்துவிட்டால் இரண்டு பேருக்கு இவ்வளவு மிச்சம். சென்ட்ரல் ஸ்டேஷன் எதிரில் ஒரு சத்திரத்தில் மூன்று நாள் இனாமாகத் தங்கலாம், ஆனால் ஆண் துணை இல்லாத பெண்களுக்கு அறை கொடுப்பார்களா என்று தம்பி விசாரிக்கவும். அடையாற்றுப் பக்கம் கன்னியர் விடுதியில் சாப்பாட்டோடு ஒரு நாளைக்கு எட்டணா, ஆனால் மாலை ஆறு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள், பொருட்காட்சியில் விளக்குப் போடுவதே ஆறு மணிக்குத்தானாம், அதைக் குறித்து விசாரிக்கவும்.

மந்தைவெளியில் இரண்டு அறை கொண்ட எங்கள் வீட்டைப் பற்றி ஒரு எழுத்துக்கூட இல்லை.

என் வீட்டுக்காரர் பங்குப் பள்ளிக்கூடத்து வாத்தியார். கோபமே வராத மனுஷர். அன்றைக்குக் கார்டைப் படித்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்துவிட்டார்.

“தம்பி வீடு இருக்கறப்போ அக்கா சத்திரம் தேடறா. நான் உயிரோட இருக்கேனா இல்லையா?”

எனக்குக் காரணம் தெரியும். முந்தின தடவை அண்ணி வந்தபோது இவர் கடன் வாங்கிச் சேலை எடுத்துக் கொடுத்தார். அந்தக் கடன் அடைய எட்டு மாதமாயிற்று. கூடப் பிறந்தவள் மகளோடு வந்து வாசற்படி ஏறினால் வெறுங்கையோடு அனுப்புகிற வழக்கம் எங்களில் கிடையாது. அதிலும் இந்தப் பெண்ணுக்குக் கல்யாணமே இல்லை. தாய்மாமன் சீர் வைக்க வேறு சந்தர்ப்பம் வரப்போவதில்லை. இவர் எதை விற்றாவது செய்வார் என்று அண்ணிக்குத் தெரியும். இருக்கிற இடங்களிலேயே செலவு அதிகம் பிடிப்பது தம்பி வீடுதான் என்று கணக்குப் போட்டுத்தான் அதை எழுதாமல் விட்டிருக்கிறார்கள். அந்த மனசை நினைத்து நான் அடுப்பங்கரையில் தனியாக அழுதேன்.

அன்று மாலை இவரை மாதா படத்துக்கு முன்னால் நிறுத்தினேன். “சேலை எடுக்க மாட்டேன், கடன் வாங்க மாட்டேன்னு சொல்லுங்க. அண்ணி வருவாங்க.”

“சீர் செய்யாம இருக்கறதுக்குச் சத்தியமா? எந்த ஊர் நியாயம் இது?” என்றார். ஆனாலும் சொன்னார். நான் அதை அப்படியே எழுதிப் போட்டேன். ‘வருகிறோம். ரேஷன் காலம், அரிசி கொண்டுவருவேன், மறுக்கக் கூடாது’ என்று அண்ணி பதில் எழுதினார்கள்.

டிக்கெட் வாங்கும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். லஸ் முனையில் ஒரு கடையில் முன்கூட்டியே விற்றார்கள். மற்ற நாளில் நுழைவு நாலணா. புதன்கிழமை பெண்கள் தினம், அன்றைக்குப் பெண்களுக்கு மட்டும், தலைக்கு மூன்றணா. நாலு டிக்கெட் சேர்த்து வாங்கினால் எட்டணாதான். நாங்கள் மூன்று பேர். தனித்தனியாக வாங்கினால் ஒன்பதணா. மூன்றை விட நாலு மலிவு! எனக்கு ஏதோ ஆண்டவரே வழி காட்டினாற்போல இருந்தது. நாலாவது டிக்கெட்டுக்கு ஊரூர் குப்பத்திலிருந்து கூடை சுமந்து வருகிற மீன்கார அம்மாளைச் சேர்த்துக்கொண்டேன். அவள் உடனே இரண்டணாவை மடியிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தாள். “நானும் அந்த ராட்டினத்த ஒரு தபா பாக்கணும்மா. கடல்ல ஆடாத ஆட்டமா அதுல ஆடிடப் போவுது?” என்றாள்.

‘பெண்கள் தினத்துக்கு டிக்கெட் வாங்கியாயிற்று’ என்று அண்ணிக்கு எழுதினேன். தேதி எழுதத் தோன்றவில்லை.

அவர்கள் சனிக்கிழமை வந்தார்கள். மாம்பலத்தில் இறங்கி, தேனாம்பேட்டை வழியாக வெயிலில் நடந்து, அண்ணி இடுப்பில் அரிசி மூட்டை, அவள் தலையில் டிரங்குப் பெட்டி. முகத்தில் களைப்பே இல்லை. அன்று சாயந்தரம் அந்த நாலு டிக்கெட்டையும் அவள் கையில் கொடுத்தேன். ரோஸ் நிறக் காகிதம். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அத்தை, மேல போனா கடல் தெரியுமா?” என்று கேட்டாள். அவள் கேட்டு நான் அறிந்த முதல் கேள்வி அதுதான்.

மறுநாள் ஞாயிறு பூசை. பிரசங்கம் முடிந்ததும் சாமியார் அறிவிப்பு வாசித்தார். “வருகிற புதன்கிழமை விபூதித் திருநாள். தபசு காலம் ஆரம்பம். அன்று ஒருசந்தி, சுத்தபோசனம்; ஒரு வேளைதான் சாப்பாடு, இறைச்சி கூடாது. தபசு காலம் முடியும்வரை கூத்து, வேடிக்கை, களியாட்டங்களை விசுவாசிகள் தவிர்ப்பார்களாக.”

பக்கத்தில் அண்ணி மெல்ல என் பக்கம் திரும்பினார்கள்.

“எந்தப் புதன்?”

“இந்தப் புதன்தான் அண்ணி.”

வீட்டுக்கு ஓடி வந்து பார்த்தேன். கதவுக்குப் பின்னால் கோயில் காலண்டர் தொங்குகிறது. அதே ஆணியில் ரேஷன் கார்டையும் நான்தான் மாட்டியிருந்தேன். கார்டைத் தூக்கிப் பார்த்தால், அதற்கு அடியில் அந்த வாரம், கறுப்பு மையில் சிலுவை போட்டபடி. வாராவாரம் அரிசிக்காக அந்தக் கார்டைத் தொட்ட கை, ஒரு நாளாவது அதை விலக்கிப் பார்க்கவில்லை. நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு இவ்வுலகம் அநித்தியம் என்று முழங்காலில் நிற்கவேண்டிய நாளில், மடத்துக்குப் போகிற பெண்ணை ராட்டினத்தில் ஏற்ற டிக்கெட் வாங்கி வைத்திருக்கிறேன்! அந்த வாரம் சனிக்கிழமை அவள் போய்விடுவாள். பிறகு ஏது?

“சாமியார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கலாமா?” என்றார் இவர்.

“கேட்டா, ‘பொண்ணு பாவம், போயிட்டு வாங்க’ம்பார்” என்றார்கள் அண்ணி. “நல்லவர். அதனாலதான் கேக்கக் கூடாது தம்பி.”

அவள் அந்த டிக்கெட்டுகளைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். “பரவால்ல அத்தை. இதையும் ஒரு ஒறுத்தலா ஒப்புக்கொடுத்துட்டா ஆச்சு.” சொல்லிவிட்டு மீன் கழுவுகிற தொட்டிப் பக்கம் போய் வெகுநேரம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தாள்.

திங்கட்கிழமை காலை மீன்காரி வந்தாள். வாசலில் கூடையை இறக்கியதுமே, “இன்னா யம்மா, மூஞ்சி வாடிக் கீது? சங்கரா வேணாமா?” என்றாள். விஷயத்தைச் சொன்னேன்.

“தோ பார்றா! ஒங்க சாமிக்கு வேற நாளு கெடைக்கலியா?” என்று சிரித்தாள். “அந்தப் புதங்கெழம ஒங்க தெரு முச்சூடும் கறி கெடயாது, மீனுதான். பத்து மணிக்குக் கூடையக் கவுத்துட்டு நான் போய்க்கினே இருப்பேன். மூணு சீட்டையும் எனக்கே குட்த்துடு. எங்கூட்டு மருமவளுங்க ரெண்டு பேரு, நாத்தி ஒருத்தி. நாலணா தரேன்.”

“வாங்கினது ஆறணா.”

“பழய சீட்டும்மா. நேத்து மீனு ஆராச்சும் இன்னிய வெலக்கி வாங்குவாங்களா?”

அப்போது அண்ணி மகள் உள்ளேயிருந்து தண்ணீர்ச் செம்போடு வந்தாள். மீன்காரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “இந்தப் பொண்ணா சாமிக்குப் போவுது?” என்று என்னிடம் கேட்டாள். நான் தலையாட்டினேன். தண்ணீரைக் குடித்துவிட்டு, மடியை அவிழ்த்து ஆறணாவை எண்ணி வாசற்படியில் வைத்தாள். “சாமிக்குப் போற பொண்ணுகிட்ட பேரம் பண்ணா எங்க வலைக்கு ஆவாது யம்மா. வச்சிக்க.”

அந்த ஆறணாவை வைத்துக்கொண்டு அண்ணி உட்கார்ந்தார்கள். மிச்சம் இருப்பது செவ்வாய் ஒரு நாள். சாதாரண நாள், தலைக்கு நாலணா. ராட்டினத்துக்குத் தனியாக இரண்டணா. கொண்டுவந்த பணத்தில் மடத்துக்குக் கொடுக்கவேண்டியதையும் திரும்பிப் போகும் டிக்கெட்டையும் ஒதுக்கினால் டிராமுக்குத்தான் சரியாக வருகிறது. அண்ணி நாணயங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்கள். பிறகு தலையை நிமிர்த்தித் தம்பியைக் கூப்பிட்டார்கள்.

“பொம்பளைங்க நாளா இருந்திருந்தா நீ உள்ளயே வந்திருக்க முடியாது. செவ்வாய்க்கெழம வரலாம் இல்ல?”

“வரலாம்.”

“ரெண்டு பேர் நுழைய எட்டணா. ராட்டினத்துக்கு நாலணா. கையில ஆறு இருக்கு. மீதி ஆறணா நீ போடு. நீயே கூட்டிட்டுப் போய் நீயே பக்கத்துல உக்காந்து சுத்திட்டு வா. அதான் தாய்மாமன் சீர். அதுக்கு மேல ஒரு காசு செஞ்சாலும் நான் இந்த வாசப்படி ஏற மாட்டேன்.”

இவர் எழுந்துபோய் மாதா படத்துக்குமுன் நின்றுவிட்டு வந்து, “கடன் இல்ல. சட்டைப் பையிலயே இருக்கு” என்றார். இவ்வளவு வருஷம் ஆகியும், அண்ணியைப் போல ஒருவரைத் தலைநிமிரச் செய்து காசையும் மிச்சம் பிடிக்கத் தெரிந்தவர்களை நான் கண்டதில்லை.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நாலு பேரும் டிராம் ஏறினோம். மாமனும் மருமகளும் வாசல் வழியாக உள்ளே போனார்கள். நானும் அண்ணியும் வெளியே, மைதானத்தைச் சுற்றி அடித்திருந்த மூங்கில் தட்டிப் பக்கம், அரையணாவுக்கு வேர்க்கடலை வாங்கிக்கொண்டு நின்றோம். விளக்குப் போட்டார்கள். தட்டிக்கு மேலே ராட்டினத்தின் பாதி தெரிந்தது. ஒவ்வொரு பெட்டியாக மேலே வந்து போயிற்று. யார் யாரோ வந்தார்கள்.

“அதோ!” என்றார்கள் அண்ணி.

இவர் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடியிருந்தார். வாய் மட்டும் முணுமுணுத்தது. ‘அருள் நிறைந்த மரியே’ மந்திரம்தான், வேறு என்ன? அவள் எழுந்துவிடுவாள் போல முன்னால் சாய்ந்து, கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டி தட்டிக்குக் கீழே மறையும், மறுபடி ஏறும். மூன்றாவது தரம் எங்களைக் கண்டுவிட்டாள். பத்தொன்பது வருஷமாக நான் பார்க்காத சிரிப்பு ஒன்றைச் சிரித்துக்கொண்டு, இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். அண்ணி கையில் இருந்த கடலையோடு அப்படியே கையை உயர்த்தினார்கள். கடலை சிதறியது.

வெளியே வந்ததும் இவர் தலைசுற்றித் தரையில் உட்கார்ந்துவிட்டார். “மாமா கண்ணையே தொறக்கல!” என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “நீங்க ரெண்டு பேரும் கடலை திங்கறது தெரிஞ்சுது அத்தை. கடலும் தெரிஞ்சுது. கறுப்பா, தூரமா, ஒரு கோடு மாதிரி.”

மறுநாள் காலை பூசையில் நாலு பேரும் வரிசையாக முழங்காலில் நின்று சாம்பல் வாங்கிக்கொண்டோம். கோயிலைவிட்டு வெளியே வந்தபோது, மீன்கார அம்மாள் கூடையில் கடைசி நாலு மீனைக் கூவிக்கொண்டு எதிரே வந்தாள். அவளைப் பார்த்ததும் அந்தப் பெண், நெற்றியில் சாம்பலோடு, ஓடிப்போய் ஏதோ சொல்லிவிட்டு வந்தாள்.

“என்னடி சொன்ன?” என்று கேட்டார்கள் அண்ணி.

“கெழக்குப் பக்கம் பாத்து உக்காரச் சொன்னேம்மா.”