பிரம்ம கமலத்துக்கு வரன் பார்த்த காசிராஜன்

ராஜபாளையத்தில் கல்யாணத் தரகர் காசிராஜனைத் தெரியாதவர் யாராவது இருந்தால், அவர் வீட்டில் கல்யாண வயதில் ஆள் இல்லை என்று அர்த்தம். ஆள் ஒல்லி. மீசை மட்டும் இரண்டு பேருக்குக் காணும். அந்த மீசையை நம்பித்தான் பலர் பெண் கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு மாறுகண் என்றால், ஒரே பார்வையில் ரெண்டு பக்கமும் கவனிக்கிற பிள்ளை என்று கூசாமல் சொல்வார். ஆனால் முறை விஷயத்தில் மட்டும் அவரிடம் பொய் கிடையாது. எந்த வகையறா, எந்தக் குலசாமி என்று நாலு தலைமுறையைக் கிளறாமல் ஜாதகத்தைக் கையால் தொடமாட்டார். எனக்கும் அவர்தான் வரன் பார்த்தார். அந்தக் கதையை எடுத்தால் நான் கோபப்பட்டுவிடுவேன், வேண்டாம். நான் அவருக்கு எதிர்வீடு, அதைத் தெரிந்துகொண்டால் போதும்.

அவர் மனைவி சீனியம்மாளுக்குப் பிள்ளை இல்லை. ஊரார் வீட்டு வளைகாப்பிலெல்லாம் ஏழு வகைச் சோறு தின்றுவிட்டு வந்த மனுஷன் வீட்டில் தொட்டில் கட்டவில்லை. ஊர் வாய் சும்மா இருக்குமா? விசேஷ வீடுகளில் மஞ்சள் குங்குமத் தட்டு அவளைத் தாண்டித்தான் போகும். யாரும் வேண்டுமென்று செய்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். 

அவளிடம் ஒரு செடி இருந்தது. குமுளிப் பக்கம் எஸ்டேட்டில் வேலை பார்த்த அவள் தம்பி கொண்டுவந்த ஓர் இலையை, ஓட்டைக் குடத்தில் மண் போட்டுக் குத்தி வளர்த்தது. நிஜத்தில் அது காட்டுக் கள்ளி. மலையில் மரத்தைப் பற்றிக்கொண்டு வளர்வது. கள்ளி என்றால் யார் கும்பிடுவார்கள்? அதனால் பிரம்ம கமலம். இலை ஓரத்தில் மொட்டு விட்டு, ராத்திரி விரிந்து, விடியுமுன் தலையைத் தொங்கப்போட்டுவிடும். பூக்கிற அன்று தெருவே வந்து கூடும். சாம்பிராணி போட்டு, தேங்காய் உடைத்து, மனதில் நினைத்ததை வேண்டிக்கொள்வார்கள். சீனியம்மாள் அத்தனை பேருக்கும் காப்பி போடுவாள். எனக்குத் தெரிந்து அந்தப் பூ தவறாமல் கொடுத்த வரம் அந்தக் காப்பி ஒன்றுதான்.

எண்பத்தெட்டாம் வருஷம் அப்படிக் கூடியிருந்தபோது, மூன்றாவது வீட்டு வெள்ளத்தாய் காப்பியைக் குடித்து முடித்து, டம்ளரைச் சீனியம்மாள் கையிலேயே கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "பூத்து என்ன செய்ய? காய்க்கணும்லா."

அவள் செடியைப் பார்த்துச் சொல்லவில்லை. சீனியம்மாள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள் திரும்பி வரவே இல்லை.

காசிராஜன் மீசையில் கை வைத்தார். "காய்க்கும். அடுத்த பூப்புல காய்க்கலைன்னா, இதுல பாதிய எடுத்துப்புட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடக்கேன்."

அது காய்க்கிற ஜாதியா என்பதே அவருக்குத் தெரியாது. மறுநாள் விவசாய ஆபீசர் ஒருவரைத் தேடிப் போனார். காய்க்கும், சிவப்பாகப் பழுக்கும், தின்னலாம் என்று அவர் சொல்ல, காசிராஜனுக்கு உயிர் வந்தது. ஆனால் தன் மகரந்தம் தனக்குச் சேராது, வேறு செடியின் பூவிலிருந்து எடுத்துத் தடவ வேண்டும் என்றார். வேறு இடத்துச் சம்பந்தம் வேண்டும், அவ்வளவுதானே? தரகருக்கு இதைவிட லேசான வேலை உண்டா?

தெருவிலேயே பல வீட்டில் அந்தச் செடி இருந்தது. உள்ளூர்ச் சம்பந்தம் பின்னால் வம்பு என்று அவர் வெளியூரில் தேடினார். ஸ்ரீவில்லிபுத்தூரில் குடைக்கடை வைத்திருந்த சேக் முகைதீன் வீட்டில் ஒன்று நன்றாகச் செழித்திருப்பதாகத் தகவல் வந்தது. வெற்றிலை பாக்கு, பழத்தட்டோடு முறைப்படி போய்க் கேட்டார். சேக் முகைதீனும் லேசுப்பட்டவர் இல்லை. மாப்பிள்ளை வீடு நாங்கள், பழத்தில் சரிபாதி எங்களுக்கு வந்துவிட வேண்டும் என்றார். பேச்சு முடிந்து, பால்கோவா சாப்பிட்டு, கை நனைத்துவிட்டுத்தான் வந்தார் காசிராஜன்.

அடுத்த வருஷம் இரண்டு வீட்டிலும் ஒரே நாளில் மொட்டு தலை தூக்கியது. என்ன பொருத்தம் பார்த்தீர்களா என்று தெருவெல்லாம் சொல்லிப் பூரித்துப் போனார். அன்று ராத்திரி விரிந்த பூவை ஒரு தட்டில் வைத்து, மேலே கடைக் குடை ஒன்றை விரித்துப் பிடித்து, கடைசி பஸ்ஸில் ஏறினார் சேக் முகைதீன். பஸ்ஸுக்குள் குடை எதற்கு என்று கண்டக்டர் கேட்க, மாப்பிள்ளை அழைப்பு என்று இவர் உள்ளதைச் சொன்னார். வாசனை பஸ் முழுவதும் ஏறியது. ஏதோ கோயில் பூ என்று நினைத்து ஒரு கிழவி ஓர் இதழைக் கிள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதைப் பார்த்து அடுத்தவர். கண்டக்டரும் பைக்குள் ஒன்று போட்டுக்கொண்டார். ஒரு கையில் தட்டு, ஒரு கையில் குடை, சேக் முகைதீன் என்னதான் செய்வார்? ராஜபாளையத்தில் இறங்கும்போது இதழ் ஒன்றுகூட இல்லை. நடுவில் இருந்த மகரந்தம் மட்டும் மிச்சம். மாப்பிள்ளை வேட்டியில்லாமல் வந்து சேர்ந்தார்.

அது போதும் என்று காசிராஜன் பஞ்சில் தொட்டுத் தடவினார். பெண்கள் குலவை போட்டார்கள். வெள்ளத்தாயும்தான் போட்டாள். சீனியம்மாள் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், இந்த மனுஷனை ஏமாற்றிவிடாதே என்று கள்ளியைக் கும்பிடத் தோன்றியது ஒரு பக்கம்.

ஏமாற்றியது. பூவின் காம்பு கொஞ்ச நாளில் மஞ்சளாகி உதிர்ந்தது.

காசிராஜன் ஆபீசரிடம் போய்ச் சண்டைக்கு நின்றார். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: அந்த மாப்பிள்ளைச் செடி எங்கிருந்து வந்தது? இலையைக் கிள்ளி வைத்து வளர்ந்ததெல்லாம் ஒரே செடிதான், நூறு வீட்டில் இருந்தாலும் ஒன்றுதான் என்றார். காசிராஜனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. அத்தனை வருஷத் தொழிலில் முதல் தடவையாக வகையறா விசாரிக்காமல் சம்பந்தம் பேசியிருக்கிறார்.

நேரே ஸ்ரீவில்லிபுத்தூர் போனார். சேக் முகைதீனுக்கு இலை கொடுத்தது தேவதானத்தில் இருக்கும் அவர் தங்கை நூர்பானு. தேவதானம் போனார். நூர்பானு சொன்னாள்: "எம் மகன் பொறந்தப்ப ராஜபாளையம் ஆஸ்பத்திரியில கெடந்தேன் அண்ணாச்சி. பக்கத்துக் கட்டிலுக்குக் கஞ்சி கொண்டாந்த அக்கா ஒருத்தவிய குடுத்தாவ. யாருக்குப் புள்ள பொறந்தாலும் ஒரு எல குடுப்பாவளாம். புள்ளையத் தூக்கிப் பாருங்கக்கானு சொன்னேன். வேண்டாம்னு சொல்லிட்டு எலைய மட்டும் வச்சிட்டுப் போனாவ."

கஞ்சி கொண்டுபோனது யார் என்று காசிராஜனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னார். சீனியம்மாள் முதலில் விழித்தாள். பிறகு, நான் எதிர்வீட்டிலிருந்து கேட்கிற அளவுக்குச் சிரித்தாள்.

"அண்ணன் தங்கச்சிக்கா சம்பந்தம் பேசிட்டு வந்திய? அம்புட்டும் நான் குடுத்த புள்ளைகள்லா."

சொன்ன சொல் சொன்னதுதான். மறுநாள் காலையில் காசிராஜன் பாதி மீசையை வழித்துவிட்டுத் தெருவில் இறங்கினார். தெரு மொத்தமும் வாசலில் நின்றது. சீனியம்மாளும் அவரோடு இறங்கினாள். எந்த வீட்டு விசேஷத்துக்கும் பின்வாசல் பக்கமாகவே போய் வந்தவள், நடுத்தெருவில் புருஷனுக்குப் பக்கத்தில் நடந்தாள். ஒவ்வொரு வீட்டுச் செடித் தொட்டியையும் நின்று பார்த்தாள். வெள்ளத்தாய் வீட்டு வாசலில் இருந்த செடி வாடிக் கிடந்தது.

"எம் பிள்ளய இப்படியா வச்சிருக்க, வெள்ளத்தாயி?"

வெள்ளத்தாய் உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள்.